வெளிப்பெட்டிக்குக் கட்டின படங்கு

எனக்கு வயசு எழுபத்தி நாலு. பெத்தது அஞ்சு, வளர்த்தது ஆறு. அந்த ஆறாவது என் தம்பி மகள். தாய் செத்துப்போயி, பால் மறக்காத பிள்ளையா என் இடுப்புக்கு வந்தவ. வளர்ந்த பிறகு என் நடு மகனுக்கே அவளைக் கட்டி வச்சேன். மகளும் அவதான், மருமகளும் அவதான். என்னைக் கூப்பிடுறது அன்னைக்கும் அத்தை, இன்னைக்கும் அத்தை.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்போட என்னை நிப்பாட்டிட்டாங்க. எழுத்து கோணலா வரும். கோணலா வந்தாலும் என் கையாலதான் எழுதுறேன். எதுக்குன்னா, நாங்க வரிசை வீடா குடியிருக்கிற லயத்துல ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. என் மருமகளுக்குப் பால் சென்டர்ல வேலை கிடைச்சதே, அது தாலி அறுத்தவன்னு மேனேஜர் பாவம் பார்த்துக் கொடுத்ததாம். பைப்படியில பேசுறாங்க, பஸ்ஸுல பேசுறாங்க. அந்த நாள் முழுக்க நான் அங்கதான் இருந்தேன். கவுத்துப் போட்ட பால் கேன் மேல உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தேன். பாவம் ஒண்ணும் அங்க நடக்கல. நடந்தது என்னான்னு எழுதி வச்சுட்டா, பிறகு யாரு என்ன பேசினாலும் பேசிட்டுப் போகட்டும்.

என் மகன் ஏசி வேலைக்காரன். கட்டாருக்குக் கூலி வேலைக்குன்னு போனவன், அங்க ஏசி பார்க்கிற ஆளுங்களோட சேர்ந்து தொழிலைப் படிச்சுக்கிட்டு வந்தான். வந்து அட்டன் டவுன்ல சின்னதா ஒரு அறை எடுத்தான். இந்தக் குளிர்ல எவன் ஏசி போடப் போறான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா வேலை இருந்துச்சு. பேங்கில மிஷின் வச்ச அறைக்கு ஏசி வேணும், மருந்துக் கடைக்கு வேணும், கடைங்கள்ல சோடா வைக்கிற கூலரு கெட்டுப்போகும், பால் சென்டர்ல பால் தொட்டி இருக்கு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ஸுலயே போயி வருவான். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போன பிறகு மருமகளும் கூடப் போவா. டோர்ச் பிடிக்க, ஏணியைப் பிடிக்கன்னு போனவ, பிறகு குழாய் மாட்டவும் சூடு வச்சு ஒட்டவும் பழகிட்டா. அவளுக்கு எதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியதில்ல. சின்னதுலருந்தே அப்படித்தான்.

போன வருஷம் மழைக்காலத்துல பஸ் ஸ்டாண்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவன், த்ரீவீல்ல ஏத்தி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டான். நாப்பத்தி நாலு வயசு.

எனக்கு அழுகை வரல. எல்லாரும் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, நான் அவங்க முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடுப்புல தண்ணி கொதிச்சு வத்துதேன்னு ஒரு பொண்ணுகிட்ட சொன்னது ஞாபகம் இருக்கு. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு நானும் பார்த்தேன். கருமாதியன்னைக்கு வழக்கப்படி அவன் உடுத்தின துணி, படுத்த பாய், தலையணை எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி ஆத்துல விட்டாங்க. சொந்தக்காரங்க வீட்டைத் துழாவி, அவன் மேல பட்டதுன்னு தெரிஞ்ச ஒரு கந்தல் விடாம எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதுவும் செய்ய வேண்டியதுதான். மூட்டை தண்ணியில மிதந்து போறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பவும் வரல.

பிறகு வீட்டுக்கு ஒரு ஏஜென்சிக்காரர் வர ஆரம்பிச்சார். குவைத்துல வீட்டு வேலை. மருமக பாஸ்போட் எடுத்துட்டா, மெடிக்கலும் முடிச்சுட்டா. ஒரு நாள் ரொட்டி தட்டிக்கிட்டே சொன்னா.

"பால் சென்டர்ல மச்சான் பார்த்த வேலையைக் கேட்டிருக்கேன் அத்தை. கொடுத்தாங்கன்னா இங்கயே இருப்பேன். இல்லைன்னா போறேன். பிள்ளைங்களை நீங்கதான் பார்த்துக்கணும்."

சரின்னேன். போகாதேன்னு நான் சொல்லல. ஆறு பேரை வளர்த்தவளுக்கு இன்னும் ரெண்டு பேரு பெரிசில்ல. ஆனா ஒண்ணு, இந்த மலையிலருந்து வீட்டு வேலைக்குப் போனவங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன். திரும்பி வர்றப்ப பிள்ளைங்க அவங்களை யாரோ மாதிரிப் பார்க்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிஞ்சதைப் பேசி என்ன ஆகப் போகுது.

பால் சென்டர் மேனேஜர் சிங்கள ஆளு. கெட்டவர் இல்ல. அவர் சொன்னது இதுதான். பால் சோதிக்கிற அறையில ஏசி குளிரல. பால் தொட்டியும் மெதுவாத்தான் குளிருது. வந்து ரெண்டையும் செஞ்சு காட்டட்டும், நின்னா மாசா மாசம் பார்க்கிற வேலை அவங்க வீட்டுலயே இருக்கட்டும், நிக்கலைன்னா கொழும்பு கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். அவ்வளவுதான் பேச்சு. அதுல எங்க இருக்கு பாவம்?

நான் கூடப் போனதுக்குக் காரணம் வேற. புருஷன் போயி வருஷம் திரும்பாதவ ஆம்பளைங்க நிக்கிற இடத்துக்குத் தனியாப் போனா வாய் சும்மா இருக்காது. நான் ஒருத்தி கூட உட்கார்ந்திருந்தா அந்த வாயெல்லாம் மூடும்.

பனி கொட்டுற காலம் அது. விடியக்காலையில புல்லு மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளையா கிடந்துச்சு. முதல் பஸ்ஸுல போனோம். கேஸ் சிலிண்டரு, காத்து உறிஞ்சுற பம்பு, சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் மாட்டின, அழுத்தம் பார்க்கிற கேஜ், ஒரு தராசு, அவன் பை. கண்டெக்டர் பையன் சிலிண்டரைப் பார்த்து, ஆச்சி சமைக்கப் போறீங்களான்னு கேட்டான். நீ வந்தா உனக்கும் சேர்த்துன்னேன்.

பஸ்ஸுல மருமக சொல்லிக்கிட்டே வந்தா. எனக்குச் சொல்றாளா, தனக்கே சொல்லிக்கிறாளான்னு தெரியல. எந்தக் குளிர் மிஷினா இருந்தாலும் கேஸ் ஒரு சின்ன வாசல் வழியாத்தான் உள்ள போகணுமாம். அந்த வாசல்ல ரெண்டு வகையாம். ஏசியில இருக்கிறது வெறும் செம்புக் குழாய், உள் ஓட்டை ஊசி மாதிரி. அதுக்குப் புத்தி கிடையாது. கூட ஊத்தினா கூட விடும், குறைய ஊத்தினா குறைய விடும். அதனால அதுக்கு அளந்துதான் ஊத்தணும். பால் தொட்டியில இருக்கிறது வால்வு. அது தொட்டி எவ்வளவு கேட்குதுன்னு பார்த்து, தானே திறந்துக்கும், தானே மூடிக்கும். அதுக்கு அளவு தேவையில்ல, ஆனா அதுக்கு முன்னால கேஸ் தண்ணியா நிறைஞ்சு நிக்கணும். குழாய்ல ஒரு சின்னக் கண்ணாடி வச்சிருக்கும், அதுல குமிழி ஓடக் கூடாது. சிவப்புக் கேஜுல முள்ளு எங்க நிக்கணும்னு மச்சான் சொன்னது எனக்கு மனப்பாடம் அத்தைன்னா.

நான் கேட்டுக்கிட்டேன். என் பிள்ளைங்கள்லயும் ரெண்டு வகை இருந்துச்சு. வச்சதையெல்லாம் தின்னுட்டு வயித்து வலின்னு படுக்கிறது ஒண்ணு, போதும்னா தட்டைத் தள்ளிடுறது ஒண்ணு. இதைச் சொல்லலாம்னு நினைச்சேன். தள்ளிவிடுறவன் செத்துப்போன என் மகன்தான். அதனால சொல்லல.

நாங்க போன நேரம் பால் எடுக்கிற நேரம். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால பாலைக் கொடுத்துட்டுப் போகணும்னு லயத்துப் பொம்பளைங்க கேனோட வரிசையில நின்னாங்க. அதுல ஒருத்தி என் கூடக் கொழுந்து எடுத்தவளோட மகள். ஈரம் படாம இருக்க இடுப்புல சாக்குப் படங்கைக் கட்டிக்கிட்டு, தலையில கூடைக் கயித்தோட மலைக்குப் போகத் தயாரா வந்திருந்தா. அவளுக்கு வாய் நீளம்.

"என்ன பெரியம்மா, மாமியாரும் மருமகளும் கம்பெனி ஆரம்பிச்சுட்டீங்களா? பேரு என்ன வைக்கப் போறீங்க?"

"பால்ல தண்ணி ஊத்துறவளுக்கு ஒரு பேரு வச்சுட்டு, பிறகு எங்களுக்கு வைக்கிறோம்"னேன்.

வரிசையே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. சோதிக்கிற பையன் மட்டும் அவ கேனைத் திரும்ப ஒரு தடவை பார்த்தான்.

முதல்ல ஏசி. மருமக சோப்புத் தண்ணியைக் கலக்கி, குழாய் சேர்ற இடமெல்லாம் பிரஷ்ஷால தடவினா. கட்டடத்துக்கு வெளியில வச்சிருக்கிற வெளிப்பெட்டிக்குப் பக்கத்துல ஒரு மூட்டுல நுரை பொங்கிச்சு. அங்கதான் கேஸ் போயிருக்கு. மிச்சம் இருந்ததை வெறும் சிலிண்டருக்கு எடுத்துட்டு, அந்தக் குழாய் வாயைப் புதுசா விரிச்சு இறுக்கினா. பம்பை மாட்டி உள்ள இருந்த காத்தையெல்லாம் உறிஞ்ச விட்டா. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாங்க தேத்தண்ணி குடிச்சோம். பிறகு சிலிண்டரைத் தராசு மேல வச்சா. ஏசிப் பெட்டியில ஒட்டியிருக்கிற தகட்டுல எவ்வளவு எடை ஊத்தணும்னு எழுதியிருக்காம். தராசுல அவ்வளவு குறையுற வரைக்கும் விட்டா.

தராசைப் பார்த்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியல. நான் நாப்பது வருஷத்துக்கு மேல தராசுக்கு முன்னால நின்னவ. கூடைக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க, முத்தல் இலைன்னு கழிப்பாங்க.

"இதுல சிலிண்டருக்குக் கழிக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

"இது கொழுந்து நிறுக்கிற கண்டாக்கையாவோட தராசு இல்ல அத்தை, நம்ம தராசு"ன்னா. அவன் போன பிறகு அவ சிரிச்சதை நான் பார்த்தது அன்னைக்குத்தான். சிரிப்புன்னு சொல்ல முடியாது, வாய் ஒரு பக்கம் போச்சு.

ஏசி குளிர்ந்துச்சு. திரும்பி வர்ற குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னா. நான் தொட்டேன். சீனி வியாதி வந்த பிறகு என் விரல் நுனி மரத்துப் போச்சு. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது, இரும்பைத் தொட்டாலும் கட்டையைத் தொட்டாலும் ஒண்ணுதான். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அவ என் முகத்தைப் பார்த்தா, பிறகு தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டா.

அதுக்குப் பிறகு பால் தொட்டி. காலைப் பால் அதுக்குள்ள இருந்துச்சு. லயத்துல அந்தப் பக்கம் மாடு வச்சிருக்கிற எல்லாருடைய பாலும் அது. பின்னேரம் பால் ஏத்துற பவுசர் லாரி வர்றப்ப அது நல்லாக் குளிர்ந்திருக்கணும். இல்லைன்னா எடுக்க மாட்டாங்க. தொட்டி பழசு, தகட்டுல எழுத்து அழிஞ்சு போச்சு. அதனால எடை பார்க்க வழியில்ல. கேஜைப் பார்த்தும் கண்ணாடியைப் பார்த்தும்தான் ஊத்தணும். எங்கயோ வால்வு மூடி தளர்ந்து கொஞ்சம் போயிருந்துச்சு, அதை இறுக்கிட்டா. கண்ணாடியில குமிழி ஓடிச்சு. சிவப்புக் கேஜுல முள்ளு, அவன் சொன்ன இடத்துக்கு வரல.

வெளியில பனிமூட்டம். எதிர்ல இருக்கிற மலை தெரியல. தொட்டியோட வெளிப்பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம், அதோட காத்தாடி அந்தக் குளிர்க் காத்தை உறிஞ்சிக்கிட்டு ஓடுது. அவ கேஸ் விட்டா. முள்ளு கொஞ்சம் ஏறி நின்னுச்சு. இன்னும் விட்டா. குமிழி நின்ன மாதிரி இருந்துச்சு, திரும்ப வந்துச்சு. திரும்பவும் விட்டா. கடைசியில முள்ளு அவன் சொன்ன இடத்துக்கு வந்துச்சு. கண்ணாடியும் தெளிஞ்சுச்சு. முடிஞ்சது அத்தைன்னு கையைத் துடைச்சா. மேனேஜர் வந்து பார்த்துட்டுத் தலையை ஆட்டினார்.

மத்தியானம் பனி விலகிச்சு. இங்க அப்படித்தான், விலகினா ஒரேயடியா விலகி வெயில் மண்டையைப் பிளக்கும். வெளிப்பெட்டி தகரக் கூரையோட ஒட்டி இருக்கு. கொஞ்ச நேரத்துல மிஷின் ஒரு மாதிரி இழுத்துச்சு. டக்குன்னு நின்னுடுச்சு. அழுத்தம் அளவுக்கு மீறிப் போனா தானா நிக்கிறதுக்கு அதுல ஒரு பூட்டு இருக்காம். அந்தப் பூட்டு விழுந்துடுச்சு. அவ அதைத் தட்டிவிட்டா, கொஞ்சம் ஓடி, திரும்பவும் நின்னுச்சு.

மேனேஜர் வெளியில வந்தார். தொட்டியில மாட்டியிருக்கிற வெப்பமானியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, எனக்குப் புரியட்டும்னு தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார்.

"ஆச்சி, பால் புளிச்சுதுன்னா இந்தப் பொம்பளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் போனை எடுத்து அங்கயே நின்னு கொழும்பு கம்பெனிக்குப் பேசினார். நாளைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். எங்க முன்னாலதான் பேசினார். மறைக்கல. இதைத்தான் நான் லயத்துக்காரங்ககிட்ட கேட்கிறேன். பாவம் பார்க்கிற ஆளு, கண்ணு முன்னால நின்னுக்கிட்டு கொழும்புக்குப் போன் பண்ணுவாரா?

மருமக முகத்துல ஒண்ணும் தெரியல. எனக்கும் உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்ல. குவைத்துதான் போலன்னு நினைச்சேன். பிள்ளைங்களுக்குக் காலையில யாரு சடை பின்றதுன்னு நினைச்சேன். மழை வருமா, துணி காயுமான்னு நினைக்கிற மாதிரித்தான் நினைச்சேன்.

அவ வெறும் சிலிண்டரை எடுத்துக்கிட்டுப் பீலித் தண்ணி விழுற இடத்துக்குப் போனா. தண்ணி ஐஸ் மாதிரி வரும் அங்க. வாளியில அந்தத் தண்ணியைப் பிடிச்சுக் கொண்டு வந்து, சிலிண்டரை அதுக்குள்ள நிறுத்தி, தொட்டியிலருந்து குழாயை மாட்டினா. சிலிண்டர் குளிர்ந்து இருந்தா கேஸ் தானா அந்தப் பக்கம் இறங்கிப் போயிடுமாம். அப்படி, கூட ஊத்தினதைத் திரும்ப எடுத்தா. மிஷின் ஓடிச்சு. நிக்கல. எனக்கு மூச்சு வந்துச்சுன்னு எழுதணும்னு தோணுது, ஆனா அப்படி ஒண்ணும் வரல. ஓடுது, சரின்னு இருந்தேன்.

அதுக்குள்ள திரும்பப் பனி ஏறிடுச்சு. மலை மறைஞ்சுச்சு. கேஜுல முள்ளு சரசரன்னு இறங்கிச்சு. கண்ணாடியில குமிழி. மருமகளோட கை சிலிண்டர் திருகுக்குப் போச்சு. போனது அப்படியே நின்னுச்சு.

ரொம்ப நேரம் அவ அந்தப் பெட்டியையே பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"அத்தை, மச்சான் வெளிப்பெட்டிக்கு ஒரு படங்கு கட்டுவாரே. அது எதுக்கு?"

"பைக்குள்ள வச்சிருப்பானே, கறுப்பா. மழை படாம இருக்கக் கட்டுறான்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்"னா. "மழையே இல்லாத நாளும் கட்டினாரு அத்தை. வேலை முடிஞ்சதும் அவுத்துடுவாரு. மழைக்குன்னா எதுக்கு அவுக்கிறது?"

அந்தப் படங்கு என்னோடது. நான் வேலையை விட்டு நின்ன அன்னைக்கு இடுப்புலருந்து அவுத்துப் போட்டதை, அம்மா இது எனக்கு வேணும்னு எடுத்துக்கிட்டான். எதுக்குடா, நீயும் கொழுந்து எடுக்கப் போறியான்னு கேட்டேன். தேவைப்படும்னான். என் தேயிலைக் கறை, அவன் எண்ணெய்க் கறை, ரெண்டும் ஏறி தார் மாதிரி இருக்கும் அது. கருமாதியன்னைக்குத் துழாவினவங்க அதையும் அவன் துணின்னு மூட்டையில கட்டிட்டாங்க. யாரும் கேட்கல. கந்தலைப் பார்த்தா கந்தலாத்தானே தெரியும். என் படங்கு அவன் பேர்ல ஆத்தோட போச்சு. அதை அவகிட்ட சொன்னேன். ஆத்துல விட்டுட்டாங்க புள்ளன்னு, அவ்வளவுதான்.

அவ தானாப் பேசிக்கிட்டா. அவரு கட்டார்ல படிச்சாரு. அங்க எப்பவும் வெயில். அவரு சொன்ன முள்ளு அந்த வெயிலுக்கு ஏத்த முள்ளு. இங்க காலையில குளிர்க் காத்து பெட்டிக்குள்ள போனா அழுத்தம் எழும்பவே எழும்பாது. எழும்பாததைப் பார்த்து கேஸ் குறைவுன்னு ஊத்தினா, வெயில் வந்ததும் அத்தனையும் சேர்ந்து எழும்பும். அதுக்குத்தான் பெட்டியை மூடி, குளிர்க் காத்தை மறைச்சு, பெட்டிக்குச் சூட்டைக் கொடுத்துட்டுப் பிறகு முள்ளைப் பார்த்திருக்காரு. எனக்கு முள்ளைச் சொன்னவரு இதைச் சொல்லல.

"சொல்லியிருப்பான், நீ டோர்ச்சு பிடிச்சுக்கிட்டு வேற எங்கயாவது பார்த்திருப்ப"ன்னேன்.

"அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்"னா.

காலையில என்கிட்ட வாயடிச்சவ, மத்தியான நிறுவைக்குக் கொழுந்தோட ரோட்டுக்கு இறங்கியிருந்தா. மருமக நேராப் போயி அவகிட்ட படங்கைக் கேட்டா.

"இதைக் கொடுத்துட்டு நான் எதைக் கட்டுறது? மிஷினுக்கு இடுப்பு வலியா?"ன்னு கேட்டுக்கிட்டே அவுத்துக் கொடுத்தா. கொடுத்துட்டுப் போகாம, என்னதான் செய்றாங்கன்னு பார்க்க அங்கயே நின்னா. கங்காணி மேலருந்து சத்தம் போட்டார். இவ காது கேட்காத மாதிரி நின்னா. தொட்டியில அவ பாலும் இருக்கே.

மருமக படங்கை வெளிப்பெட்டியில கட்டினா. முழுசா மூடல. கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, முள்ளைப் பார்த்து, திரும்ப இழுத்தா. முள்ளு மெதுவா ஏறிச்சு. அவன் சொன்ன இடத்துக்கு வந்துச்சு. கண்ணாடியில குமிழி அடங்கிச்சு, ஆனா முழுசா நிக்கல. அப்பத்தான் சிலிண்டரைத் திறந்து கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம் விட்டா. குமிழி நின்னுச்சு. வால்வுக்குப் போற குழாயில ஒரு சூடு பார்க்கிற கிளிப்பை மாட்டி, கேஜோட ஒத்துப் பார்த்தா. சரின்னா.

"மிஷினுக்குக் கட்டினாலும் எனக்குக் கட்டின மாதிரி அழகு இல்ல"ன்னு அந்தப் பொம்பளை சொல்லிட்டுப் போனா. படங்கைக் கேட்கல. பின்னேரம் வந்து வாங்கிக்கிறேன்னா.

நாங்க காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் ஒரு தடவை திரும்ப வந்துச்சு. மருமக ஓடிப் போயி படங்கை அவுத்தா. மிஷின் நிக்கல. மேனேஜர் பல தடவை வெளியில வந்து வெப்பமானியைப் பார்த்துட்டு உள்ள போனார். பவுசர் வந்துச்சு. டிரைவர் தொட்டி மூடியைத் திறந்து அவர் வெப்பமானியை விட்டுப் பார்த்தார், பாலை முகர்ந்து பார்த்தார். குழாயை மாட்டச் சொன்னார். பால் போச்சு. அவ்வளவுதான். பால் குழாய்ல போற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

மேனேஜர் மருமகளைப் பக்கத்துல கூப்பிட்டு, படங்கு எதுக்குன்னு கேட்டார். அவ சொன்னா. சிங்களத்துல நல்லாத்தான் சொன்னா. அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கொழும்புக்காரங்க போன வருஷம் ஒரு தடவை வந்தப்பவும் வெயில் வந்ததும் இது இப்படித்தான் நின்னுச்சு, பிறகு உங்க வீட்டுக்காரர் வந்துதான் ஓட வச்சார்னார். கொழும்புக்குத் திரும்பப் போன் பண்ணி, வர வேணாம்னு சொன்னார்.

"அடுத்த மாசம் முதல் வாரம் வாங்க நங்கி. வர்றப்ப அந்தத் துணியையும் கொண்டு வாங்க."

தங்கச்சின்னு கூப்பிட்டு, இதுதான் அவர் சொன்னது. இதுல ஒரு சொல்லும் நான் கூட்டல, குறைக்கல.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் ஏஜென்சிக்காரர் வந்தார். மருமக வாசல்லயே நின்னு, போகலைன்னு சொன்னா. அவர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். அவ பாஸ்போட்டை வாங்கி அரிசி டின்னுக்கு அடியில வச்சா. நான் உள்ள தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். எனக்குக் கேட்டுச்சு. ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்கணும், இல்லையா. தேத்தண்ணி ஊத்தினேன், சீனி போடாம எனக்கு ஒண்ணு, போட்டு அவளுக்கு ஒண்ணு. அவ வந்து உட்கார்ந்து குடிச்சா. பெரியவளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து கிழிஞ்சதைப் பத்திப் பேசினோம்.

அந்தப் பொம்பளையோட படங்கைத் திரும்பக் கொடுத்தாச்சு. பைக்கு ஒண்ணு வேணுமேன்னு, உரச் சாக்கு ஒண்ணை வெட்டி நானே தச்சேன். விரலுக்கு ஊசி குத்துறது தெரியாது, ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். துணியில ரெண்டு இடத்துல பட்டுடுச்சு. அளவு பார்க்க வேற ஆள் இல்ல, என் இடுப்புலதான் கட்டிப் பார்த்தேன். முடிச்சுப் போடுறதுக்குக் கை தானாப் பின்னால போச்சு. இப்பவாவது அழுகை வரும்னு அந்த மாதிரியே கொஞ்ச நேரம் நின்னேன். அடுப்புல விறகு சரிஞ்சுது. அவுத்து மடிச்சுப் பைக்குள்ள வச்சேன்.

இப்ப மருமக மாசம் தவறாமப் போறா. மருந்துக் கடையிலயும் கூப்பிட்டிருக்காங்க. நான் கூடப் போறதில்ல. தேவையில்ல. ரோட்டுல அவளைப் பார்த்தா, கைத்தொழில்காரங்களை பாஸ்னு கூப்பிடுற மாதிரி, பாஸம்மா வர்றாங்கன்னு பஸ்காரன் நிப்பாட்டுறானாம். அது கேலியா மரியாதையான்னு கேட்டேன். ரெண்டும்தான் அத்தைன்னா.

எழுதி முடிச்சுட்டேன். கண்ணாடி போட்டாலும் என் எழுத்து எனக்கே தெரிய மாட்டேங்குது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. பேத்தி சப்பாத்தைக் கழட்டிக்கிட்டு இருக்கா. அப்பன் மாதிரியே ஒரு காலால மறு காலை மிதிச்சுத்தான் கழட்டுறா.

இங்க வா. இதை வெளிச்சத்துல வச்சு, முதல்லருந்து சத்தமா வாசி. அவசரப்படாத. 'பாவம்'னு வர்ற இடமெல்லாம் அவங்க பேச்சா மட்டும் இருக்கான்னு பாரு. நான் சொல்ற மாதிரி எங்கயாவது வந்திருந்தா நிப்பாட்டு, அடிச்சிடலாம்.